நிலம், கடல், வான், விண்வெளி, சைபர் எல்லாம் ஒரே திரையில்: எங்கே பிசகுகிறது?

கேத்திக்காரன்

வணக்கம். அடுத்த மாதம் ஊட்டியில் இளங்கலை மாணவர்கள் 30 பேருக்கு அரை நாள் வகுப்பு. ஐந்து களத்தையும் ஒரே வலையில் கோத்துக் கட்டளை கொடுக்கும் முறைதான் தலைப்பு. தேடினால் கிடைப்பதெல்லாம் மேகத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட படங்கள். கப்பலிலிருந்து மேகத்துக்கு ஓர் அம்பு, மேகத்திலிருந்து டாங்கிக்கு ஓர் அம்பு. அந்த அம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று கேள்வி. முப்படை ஒருங்கிணைப்பு என்று முன்பே சொன்னதற்கும் இதற்கும் நிஜமான வித்தியாசம் உண்டா? இது உடைந்தால் எந்த இடத்தில் உடையும்? கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு ஹாலில் மேசை போட்டு இதைக் காட்ட முடியுமா?

சிக்னல் தாத்தா

வித்தியாசம் உண்டு தம்பி, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை.

பழைய ஒருங்கிணைப்பில் மூன்று படையும் திட்டத்தைச் சேர்ந்து போடும், நடத்துவது தனித்தனி. விமானப்படை ரேடார் பார்த்தது விமானப்படையின் ஏவுகணைக்குப் போகும், கப்பல் பார்த்தது கப்பலின் ஏவுகணைக்குப் போகும். இப்போது கேட்பது, யார் கண்ணில் பட்டாலும் சரி, அந்த நேரத்தில் யாருக்கு வாட்டமோ அவர் அடிக்க வேண்டும் என்பது. கண் ஒருத்தருடையது, கை இன்னொருத்தருடையது. நடுவில் உள்ள நரம்புதான் உங்கள் தலைப்பு.

அந்த நரம்பைப் புரிய வைக்க 1940க்குப் போங்கள். எதிரி விமானங்களைக் கண்டு தடுக்கப் பிரிட்டன் வைத்திருந்த டௌடிங் அமைப்பு. கடற்கரை ரேடார் நிலையங்கள் பார்த்ததைத் தொலைபேசியில் பென்ட்லி ப்ரயரி மாளிகையின் வடிகட்டும் அறைக்குச் சொல்லும். ஒரே விமானக் கூட்டத்தைப் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் பார்த்து, ஆளுக்கு ஓர் இடம், ஆளுக்கு ஓர் எண்ணிக்கை சொல்லும். வடிகட்டுபவர் 'இவை எல்லாம் ஒன்றுதான்' என்று முடிவு செய்து ஓர் எண் கொடுப்பார். அந்த எண்தான் கீழே போகும். இன்றைக்கு ஆயிரம் கோடி ரூபாய் மென்பொருள் செய்வதும் இந்த வேலைதான்.

இன்னொன்றும் அங்கே இருந்தது: நிறக் கடிகாரம். சுவர்க் கடிகாரத்தின் முகப்பில் ஐந்து ஐந்து நிமிடத் துண்டாக சிவப்பு, மஞ்சள், நீலம் மாறி மாறி வரும். தகவல் வந்த நேரத்தில் நிமிட முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ அந்த நிறத்து அம்பைத்தான் மேசையில் வைப்பார்கள். முள் நீலத்துக்குப் போன பிறகும் ஓர் இடத்தில் சிவப்பு அம்பே கிடந்தால் அது ஆறப்போன தகவல் என்று மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒரே பார்வையில் தெரியும். இன்றைய பல திரைகளில் இந்த வசதி இல்லை. பழையதும் புதியதும் ஒரே பளபளப்பில் மின்னும்.

மலைரயில்

>>இன்றைய பல திரைகளில் இந்த வசதி இல்லை

இதைப் பத்துத் தடவை சொல்லலாம். 'எல்லாம் தெரியும் திரை' என்று விற்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்தப் புள்ளிக்கு வயசு எத்தனை விநாடி?' என்பதுதான்.

அருவங்காட்டான்

நம் நாட்டு விவரத்தை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். வகுப்பில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

விமானப்படையிடம் ஐஏசிசிஎஸ் இருக்கிறது. ரேடார்கள் பார்ப்பதைச் சேர்த்து ஒரே வான்படமாக்குவது அதன் வேலை. அது ஓடும் முதுகெலும்பு ஏஎஃப்நெட், 2010 செப்டம்பரில் தொடங்கிய கண்ணாடியிழை வலை. தரைப்படையின் வான்பாதுகாப்புக்கு ஆகாஷ்தீர்; 2023 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸோடு ரூ.1,982 கோடிக்கு ஒப்பந்தம். கடற்படைக்கு த்ரிகுண். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின் போது ஆகாஷ்தீரும் ஐஏசிசிஎஸ்ஸும் இணைந்து இயங்கியதாக அரசே அறிவித்தது.

விண்வெளிப் பக்கம் தொடர்புச் செயற்கைக்கோள்கள்: ஜிசாட் 7 கடற்படைக்கு, 2013 ஆகஸ்ட்டில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. ஜிசாட் 7ஏ விமானப்படைக்கு, 2018 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. கடற்படைக்கான அடுத்தது சிஎம்எஸ் 03, 2025 நவம்பர் 2ஆம் தேதி எல்விஎம் 3 ராக்கெட்டில். எடை சுமார் 4,400 கிலோ.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சட்டம். முப்படை சேர்ந்த அமைப்புகளின் கட்டளை, கட்டுப்பாடு, ஒழுங்கு பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 மே 10 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால், கூட்டு அமைப்பின் தலைவர் கடற்படைக்காரராக இருந்து, கீழே உள்ள தரைப்படை வீரர் தவறு செய்தால், ஒழுங்கு நடவடிக்கைக்கு அவரைத் தாய்ப்படைக்கே அனுப்ப வேண்டும். கேபிள் இழுப்பது சுலபம். யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கேத்திக்காரன்

அண்ணா, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜைப் பற்றிச் சொல்லலாமா? பசங்க தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம்.

அருவங்காட்டான்

தாராளமாக. பழைய ஸ்டாஃப் காலேஜ் க்வெட்டாவில் இருந்தது, பிரிவினைக்குப் பிறகு நம் பங்கு இங்கே வந்தது. மூன்று படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுதான் உங்கள் தலைப்புக்கு வேண்டியது. ஒரே சொல்லுக்கு மூன்று படையும் மூன்று அர்த்தம் வைத்திருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

தேயிலைத்தூள்

அம்புக்குறிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டீங்க இல்ல, அதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டறேன். விமானமும் கப்பலும் தங்களுக்குள்ள தகவல் மாத்திக்கிற ரேடியோ வலைக்கு டேட்டா லிங்க்னு பேர். நம்ம டேட்டா லிங்க் விவரம் வெளியில கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். நேட்டோக்காரங்க லிங்க் 16 பத்தி நிறையவே அச்சில் இருக்கு, அதை வெச்சுக்குவோம்.

அது 960 முதல் 1,215 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பட்டையில, 51 அலைவரிசையில தாவித் தாவிப் பேசும். எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா கூச்சல்தான், அதனால முறை வெச்சுப் பேசுவாங்க. ஒரு விநாடியை 128 துண்டு போட்டிருக்காங்க. ஒரு துண்டு 7.8125 மில்லிவிநாடி. 12 விநாடி ஒரு சுற்று, அதுல 1,536 துண்டு. இந்த விமானத்துக்கு இந்தத் துண்டு, அந்தக் கப்பலுக்கு அந்தத் துண்டுன்னு முன்கூட்டியே பங்கு போட்டுடுவாங்க. ரேஷன் கடை டோக்கன் மாதிரின்னு பசங்ககிட்ட சொல்லுங்க.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, ஒரு விமானம் 'நான் இங்கே இருக்கேன்'னு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது 12 விநாடிக்கு ஒரு தடவை சொல்லுதுன்னு வைங்க. விநாடிக்கு 250 மீட்டர் போற விமானம் அதுக்குள்ள 3 கிலோமீட்டர் போயிருக்கும். நடுவில திரையில வழுக்கிட்டுப் போற புள்ளி கணக்குப் போட்டு நகர்த்தினது. விமானம் திரும்பிட்டா புள்ளி நேராத்தான் போகும், அடுத்த சேதி வந்ததும் குதிக்கும்.

ரெண்டாவது, கடிகாரம். துண்டு 8 மில்லிவிநாடிகூட இல்ல, அதனால எல்லார் கடிகாரமும் ஒத்துப்போகணும். ஒரு வலைக்கு ஒரே ஒரு நேர ஆசான். மத்தவங்க அவரோட ஒத்திசைவாங்க. தப்பா ரெண்டு பேர் 'நான்தான் ஆசான்'னு கிளம்பிட்டா வலை ரெண்டாப் பிளக்கும். ரெண்டு பக்கமும் தன் தன் ஆளுகளோட நல்லாவே பேசிட்டு இருக்கும். யாருக்கும் பழுதுன்னே தோணாது, 'அந்தப் பக்கம் ரேடியோவை அணைச்சுட்டாங்க போல'ன்னு நினைச்சுக்குவாங்க. சிவப்பு விளக்கு எரியற பழுதுக்கு நான் பயப்படறதில்ல, இந்த மாதிரி பழுதுக்குத்தான் பயம்.

மலைரயில்

நேரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறதல்லவா, பிறகு ஏன் பிசகுகிறது?

தேயிலைத்தூள்

லிங்க் 16க்கு ஜிபிஎஸ் கட்டாயம் இல்லீங்க. ஆசானோட கடிகாரம் உலக நேரத்தோட ஒத்துப்போகாட்டியும் பரவாயில்ல, எல்லாரும் அவரோட ஒத்துப்போனாப் போதும். ஆனா ரெண்டு வேற வலையை இணைக்கிற பாலம் வேணும்னா வெளி நேரம் வேணும். அங்கதான் ஜிபிஎஸ்.

அதையும் கண்ணை மூடி நம்பாதீங்க. 2016 ஜனவரி 26, பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒண்ணை ஓய்வு கொடுக்கிறப்ப தப்பான நேரத் திருத்தம் பல செயற்கைக்கோள்ல ஏறிடுச்சு. தப்பு 13 மைக்ரோவிநாடிதான். இருப்பிடம் காட்டறது கெடல, ஆனா நேரத்துக்காக மட்டும் ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த கருவிகள் பல இடத்துல எச்சரிக்கை மணி அடிச்சுது. 13 மைக்ரோவிநாடியில ரேடியோ அலை 3.9 கிலோமீட்டர் போகும்.

கோக்கர்ஸ் வாக்

கொடைக்கானலிலிருந்து ஒரு கேள்வி எழும் முன்பே பதில். 'மலை உச்சியில் ஆன்டெனா வைத்தால் எல்லாம் தெரியும்' என்று ஒரு மாணவராவது சொல்வார். கணக்குப் போட விடுங்கள். ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில், உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிடைக்கும், உயரம் மீட்டரில். தொட்டபெட்டா 2,637 மீட்டர். வர்க்கமூலம் 51.35, பெருக்கினால் 212 கிலோமீட்டர். எதிரே 10,000 மீட்டரில் விமானம் பறந்தால் அதன் பங்கு 412. மொத்தம் 624 கிலோமீட்டர். ஆகா என்று தோன்றும்.

இப்போது அதே தொட்டபெட்டாவிலிருந்து மோயாறு பள்ளத்துக்குள் பறக்கும் சின்ன ட்ரோனைக் கேளுங்கள். பூஜ்யம். பீடபூமியின் விளிம்பு மறைத்துவிடும். உச்சியில் நிற்பவன் தூரத்தை வாங்கிக் காலடியை விற்கிறான். அதனால்தான் வானிலிருந்து கீழே பார்க்கும் ரேடார் விமானம், பள்ளத்தாக்கு வாயில்களில் சின்ன ரேடார், கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆள், மூன்றும் வேண்டியிருக்கிறது. மூன்றையும் சேர்க்க மறுபடியும் அந்த வடிகட்டும் மேசை.

மைக்ரோவேவ் இணைப்பு போடுகிறவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் இன்னொன்று. பைனாகுலரில் எதிர்க் கோபுரம் தெரிகிறது, இணைப்பு மட்டும் தள்ளாடுகிறது. காரணம் ஃப்ரெனல் வளையம், அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி அலை பரவிப் போகும் இடம். 20 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் நடுவழியில் அதன் ஆரம் 16 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 10 மீட்டர் அளவுக்கு, பார்வைக் கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கற்பூர மரத் தோப்பு இருந்தால் போட்ட வருடம் நன்றாக ஓடும், மரம் வளர வளர மழைக்காலத்தில் விட்டு விட்டு அறுபடும். ஈர இலை காய்ந்த இலையைவிட அதிகம் உறிஞ்சும்.

சிக்னல் தாத்தா

பனிமூட்டத்தையும் சொல்லிவிடுங்கள். ஊரில் எல்லோரும் 'மிஸ்ட் வந்தா சிக்னல் போயிடும்' என்பார்கள்.

கோக்கர்ஸ் வாக்

ஐயா சொல்வது சரி, அது பாதிப் பொய். 10 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. ஒளிக்கற்றையில் காற்றுவழி அனுப்பும் கருவிக்குத்தான் மூட்டம் எமன். கண்ணுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. மழை வேறு கதை. 10க்கு மேலே, கேயூ பட்டையில் பேசும் செயற்கைக்கோள் டிஷ்களை வடகிழக்குப் பருவமழையின் கொட்டும் மழை அடக்கிவிடும். வீட்டு டிடிஎச் நின்று போவதும் அதே காரணம்தான். சைகை பலவீனமாகும்போது வேகத்தைக் குறைத்துத் தாக்குப்பிடிக்கும் மோடம் இருந்தால் இணைப்பு முழுதாக அறாது, ஆனால் படம் போய்விடும், எழுத்துச் சேதி மட்டும் வரும். அந்த நிலைக்கும் கட்டளை முறை தயாராக இருக்க வேண்டும்.

மலைரயில்

2021 டிசம்பர் 8, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்த ஹெலிகாப்டர் விபத்தை இந்த வாதத்துக்குச் சான்றாகக் காட்டலாமா? மூட்டம், பள்ளத்தாக்கு, எல்லாம் இங்கேதான்.

அருவங்காட்டான்

வேண்டாங்க. நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததற்கு முப்படை விசாரணை காரணம் சொல்லிவிட்டது: பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு தவறி, கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே நிலத்தில் மோதியது. நம் வாதத்துக்கு வேண்டியதை அதில் ஏற்றக் கூடாது.

மலைரயில்

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் வலைப்பின்னலே காரணமாக இருந்ததைச் சொல்கிறேன்.

1988 ஜூலை 3, பாரசீக வளைகுடா. அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். ரேடாரையும் ஏவுகணையையும் இணைக்கும், அன்றைக்கு மிக நவீனமான ஏஜிஸ் அமைப்பு அந்தக் கப்பலில் இருந்தது. அந்த விமானத்துக்கு வின்சென்ஸ் 4474 என்று ட்ராக் எண், அதாவது திரையில் அடையாளம் காட்டும் எண், கொடுத்திருந்தது. பக்கத்தில் இருந்த சைட்ஸ் கப்பல் அதே விமானத்துக்கு 4131 என்று கொடுத்தது. இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் சரியாகவே கண்டுபிடித்து, 4131ஐ வைத்துக்கொண்டு 4474ஐக் காலி செய்தது. காலியான எண் தொலைவில் இருந்த வேறொரு விமானத்துக்குப் போனது. தலைவர் '4474 என்ன செய்கிறது?' என்று கேட்டார். இறங்குகிறது என்று பதில் வந்தது. அந்த வேறு விமானம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பயணிகள் விமானம் ஏறிக்கொண்டிருந்தது.

கேள்வி சரி, பதிலும் சரி, கம்ப்யூட்டரும் தப்புச் செய்யவில்லை. எண் மட்டும் கைமாறிவிட்டது. அன்றைய தவறு இது ஒன்று மட்டுமல்ல என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மனிதர்களின் பதற்றத்தை ஓர் எண்ணின் மேல் போட்டதாகிவிடும்.

தேயிலைத்தூள்

பழைய எண்ணை உடனே மறுபடி கொடுக்காம கொஞ்ச நேரம் முடக்கி வெக்கணும், எண் மாறினா திரையில 'முன்பு 4474'ன்னு ஒட்டிக்கிட்டே வரணும். வங்கியில மூடின கணக்கு எண்ணை மறுநாளே இன்னொருத்தருக்குக் குடுப்பாங்களா? அதே பாடம்தான்.

சிக்னல் தாத்தா

நண்பனா எதிரியா என்று கேட்கும் ஐஎஃப்எஃப் கருவி பற்றிய தவறான நம்பிக்கையையும் உடைத்துவிடலாம். அது 'நண்பன்' என்று மட்டுமே சொல்லும். பதில் வராவிட்டால் எதிரி என்று அர்த்தமில்லை. கருவி பழுது, அணைத்திருக்கிறார்கள், குறி எண் பழசு, இவற்றில் எதுவும் இருக்கலாம்.

1994 ஏப்ரல் 14, வட ஈராக். அமெரிக்க எஃப் 15 விமானங்கள் தங்கள் படையின் இரண்டு பிளாக்ஹாக் ஹெலிகாப்டர்களையே சுட்டன. 26 பேர் இறந்தார்கள். பறக்கத் தடை செய்த பகுதிக்குள் குறி எண் 52, வெளியே 42. ஹெலிகாப்டர்கள் உள்ளேயும் 42ஐயே வைத்திருந்தன. மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ரேடியோ அலைவரிசையும் வேறு வேறு. மேலே அவாக்ஸ் கட்டுப்பாட்டு விமானம் இருந்தது. ஹெலிகாப்டர்கள் ஒரு கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில், போர் விமானங்கள் இன்னொருவரின் பொறுப்பில். ஒரே விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்.

2003 மார்ச் 23இல் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானத்தைச் சுட்டு இருவர் இறந்தார்கள். விமானத்தின் ஐஎஃப்எஃப் பதில் தரவில்லை; அந்த ஏவுகணைப் பிரிவுக்கு முழுத் தொடர்பு வலையும் வந்து சேரவில்லை, தனியாக இயங்கியது. நம் பக்கம் 2019 பிப்ரவரி 27, ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் ஏவுகணையே நம் மி 17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேர், தரையில் பொதுமக்களில் ஒருவர். தவறு எங்களுடையது என்று விமானப்படைத் தளபதியே அந்த அக்டோபரில் ஒத்துக்கொண்டார்.

கேத்திக்காரன்

இதையெல்லாம் படித்த பிறகு கேட்கிறேன்: அப்படியானால் இணைப்பு அறுந்தால் சுடக் கூடாது என்று வைத்துவிடலாமே?

சிக்னல் தாத்தா

அப்படி வைத்தால் எதிரி ஏவுகணையை வீணாக்க மாட்டான், உங்கள் இணைப்பை மட்டும் அறுப்பான்.

முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வழி. வான்பாதுகாப்பில் மூன்று நிலை உண்டு. 'ஹோல்ட்' என்றால் தற்காப்புக்கோ நேரடிக் கட்டளைக்கோ மட்டும் சுடலாம். 'டைட்' என்றால் எதிரி என்று உறுதியானதை மட்டும். 'ஃப்ரீ' என்றால் நண்பன் என்று உறுதியாகாத எதையும். இணைப்பு இருக்கும்போது எந்த நிலை, அறுந்து எத்தனை நிமிடம் கழித்து எந்த நிலைக்கு மாற வேண்டும், எந்தத் திசையில் எந்த உயரத்தில் நம்மவர் திரும்பி வருவார்கள், மூன்றும் தாளில் இருக்க வேண்டும். கூடவே நான்கு படித் தொடர்பு வரிசை: முதல் வழி கண்ணாடியிழை, அது போனால் மைக்ரோவேவ், அதுவும் போனால் செயற்கைக்கோள், கடைசியில் எச்எஃப் ரேடியோ. ஒரு வழியிலிருந்து அடுத்ததற்கு யார், எப்போது தாவ வேண்டும் என்று எழுதாவிட்டால், ஒருவர் மூன்றாம் வழியில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், மற்றவர் முதல் வழியிலேயே காதை வைத்துக்கொண்டிருப்பார்.

நான்கு வழியும் ஒரே பள்ளத்தில் புதைந்த கேபிளில் போய்ச் சேர்கிறதா என்றும் பாருங்கள். மண்சரிவுக்கு அது ஒரே வழிதான்.

தேயிலைத்தூள்

சைபர் களத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்ச அன்னிக்கு வியாசாட் நிறுவனத்தோட கேஏ சாட் இணைய மோடம்களை அழிச்சாங்க. செயற்கைக்கோளுக்கு ஒண்ணும் ஆகல. அதை நிர்வகிக்கிற தரை வலைக்குள்ள புகுந்து, மோடம் நினைவகத்தை அழிக்கிற கட்டளையை அனுப்பினாங்க. ஜெர்மனியில 5,800 காற்றாலைகளோட தொலைக் கண்காணிப்பும் சேர்ந்து போச்சு. விண்வெளி வழியா வர்ற சேவையைத் தரையில இருக்கிற வலை வழியா அடிச்சாங்க. பல களம்னா இதுதான்.

கோக்கர்ஸ் வாக்

இடம் குறிப்பதில் வரும் பிழையை யாரும் தொடவில்லை. கூடலூர் வட அட்சம் 11.50, கிழக்குத் தீர்க்கம் 76.50 டிகிரி. இதை ஒருவர் 11 டிகிரி 50 நிமிடம், 76 டிகிரி 50 நிமிடம் என்று அடித்துவிட்டால்? ஒவ்வொரு பக்கமும் 20 நிமிடப் பிழை. வடக்கே 37, கிழக்கே 36 கிலோமீட்டர், நேர்தூரம் 52. கூடலூர் சாமராஜநகர் பக்கம் போய்விடும். குன்னூரில் இது நடக்காது: தீர்க்கம் 76.80, எண்பது நிமிடம் என்று ஒன்று கிடையாது, கருவி ஏற்காது. சில ஊர்களில் மட்டும் தலைகாட்டும் பிழை, அதனால் சோதனையில் மாட்டாது.

உயரத்தில் இன்னும் மோசம். ஜிபிஎஸ் இயல்பாகக் கணக்கிடுவது பூமியை ஒரு வழவழப்பான நீள்கோளமாக வைத்து. கடல்மட்டம் அப்படி இல்லை. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் நம் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். நம் மலைகளில் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். ஒரு ட்ரோன் கடல்மட்ட உயரம் சொல்ல, இன்னொரு கருவி நீள்கோள உயரம் சொன்னால், ஒரே பொருள் இரண்டு ட்ராக்காகத் தெரியும். முகட்டைத் தாண்டும் ஹெலிகாப்டருக்கு 90 மீட்டர் என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம்.

சிக்னல் தாத்தா

இப்போது மூன்றாவது கேள்வி. மேசை விளையாட்டு.

30 பேரைப் பிரியுங்கள். கண் மேசை நான்கு, தலா 4 பேர்: தரை ரேடார், கப்பல், விமான ரேடார், செயற்கைக்கோள். வடிகட்டும் மேசைக்கு 5 பேர். சுடும் முடிவு எடுக்கும் மேசைக்கு 4 பேர். ஓடிப்போய்ச் சேதி கொடுக்க 3 பேர், அவர்கள்தான் வலைப்பின்னல். நடுவர் 2.

வரைபடத்துக்கு நம் ஊரை எடுக்காதீர்கள்; ராணுவப் பகுதியை வைத்து விளையாட்டு வேண்டாம், கடலும் இல்லை. நான்கு சார்ட் பேப்பரை ஒட்டிக் கற்பனைக் கடற்கரை ஒன்று வரையுங்கள். பத்து சென்டிமீட்டர் கட்டம், ஒரு கட்டம் 25 கிலோமீட்டர். ஒரு சுற்று 5 நிமிடம், 12 சுற்று. போர் விமானம் ஒரு சுற்றில் 3 கட்டம் போகும். கப்பல் ஒரு மணி நேரத்துக்கே ஒன்றரைக் கட்டம்தான். செயற்கைக்கோள் மேசை இரண்டு சுற்றில் மட்டும் கண் திறக்கும். மற்ற நேரம் சும்மா உட்காரட்டும், எரிச்சல் வரட்டும். களத்துக்குக் களம் நேரம் வேறு என்பது அதில் புரியும்.

பொருள்கள் ஒன்பது: எதிரி விமானம் 3, நம் விமானம் 2, பயணிகள் விமானம் 1, கப்பல் 2, ட்ரோன் 1. மூன்று மேசைக்குச் சுற்றுக்கு ஒன்றாக 36 கவர், செயற்கைக்கோளுக்கு 2, மொத்தம் 38 கவர். கவருக்குள் கட்டமும் நேரமும், நம் விமானமானால் நண்பன் குறி எண்ணும் மட்டும். என்ன பொருள் என்று எழுத வேண்டாம்.

பிழைகளை நடுவர் விதைக்க வேண்டும். இரண்டு மேசைக்கு ஒரே விமானத்தை ஒரு கட்டம் தள்ளிக் கொடுங்கள். ஒரு மேசையின் கடிகாரத்தை 5 நிமிடம் பின்னே வையுங்கள், சொல்லாமல். ஆறாம் சுற்றில் நண்பன் குறி எண்ணை மாற்றுங்கள், நம் விமானம் ஒன்றுக்கு மட்டும் பழைய எண்ணையே விடுங்கள். எட்டு, ஒன்பதாம் சுற்றில் ஓடுபவர்களை வாசலில் நிறுத்திவிடுங்கள்.

சுற்று முடியும்போதெல்லாம் வடிகட்டும் மேசையில் எத்தனை ட்ராக் என்று கரும்பலகையில் எழுதுங்கள். உண்மை ஒன்பது. அவர்கள் எண் அதைவிடக் கூடினால் ஒன்றை இரண்டாகப் பார்க்கிறார்கள். குறைந்தால் இரண்டை ஒன்றாக்கிவிட்டார்கள். பயணிகள் விமானம் எதிரியோடு ஒட்டிக்கொள்வது அங்கேதான்.

மலைரயில்

ஒரு திருத்தம். முதல் ஆட்டத்தில் பிழை எதையும் விதைக்காதீர்கள், மூன்று சுற்று சும்மா ஓடட்டும். பழகாத கையின் குழப்பமும் நீங்கள் விதைத்த குழப்பமும் கலந்துவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. அந்த மூன்று சுற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சிக்னல் தாத்தா

சரியான திருத்தம். கவரில் 9 சேர்த்து 47 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேத்திக்காரன்

குறித்துக்கொண்டேன் ஐயா. நிறக் கடிகாரம் நானே செய்துவிடுகிறேன்: சாதா சுவர்க் கடிகாரத்தின் மேல் 12 துண்டுக் காகித வளையம், மூன்று நிறம் நான்கு தடவை. அம்புக்கும் அதே மூன்று நிறச் சார்ட். ஆனால் 30 பேரில் நிறம் பிரித்தறிய முடியாதவர் ஒருவராவது இருக்கலாமே?

தேயிலைத்தூள்

சிவப்பு, மஞ்சள், நீலம்னு இருக்கறதால பெரும்பாலும் சமாளிக்கலாம், பச்சையை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க. எதுக்கும் அம்பு மேல ஸ்கெட்ச் பேனாவில சி, ம, நீ ன்னு பெரிசா எழுதிடுங்க. மேசைக்கு ஒவ்வொரு நிறத்துலயும் 20 அம்பு வெட்டுங்க, அஞ்சாறு கண்டிப்பா கீழே விழுந்து காணாமப் போகும்.